இன்ஷா அல்லாஹ்வும் இரண்டு அறைகளும்

நாளை நடக்கப்போவதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லும்போது, அல்லாஹ் நாடினால் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று 'அல்கஹ்ஃபு' அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. 'இன்ஷா அல்லாஹ்' என்பது அடியான் தன் இயலாமையை ஒப்புக்கொள்ளும் அடக்கமான சொல். ஆனால் இன்று நம்மில் பலருடைய நாவில் அச்சொல் என்ன பாடுபடுகிறது! வருவதாகச் சொல்லிவிட்டு வராதவரைக் கேட்டால், "வர்றேன்னா சொன்னேன்? இன்ஷா அல்லாஹ்னுதானே சொன்னேன்" என்கிறார். நம் இயலாமையை உணர்வதற்காகத் தரப்பட்ட சொல், நம் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கான வாசலாக ஆகிவிட்டது. இந்த மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்ட மஸ்அலா இதனோடு தொடர்புடையதே.

சென்ற கோடை விடுமுறைக்கு முன்பு ஒரு நாள், சாமளாபுரத்தில் அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் அமர்ந்திருந்தோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் உதகை பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியில் லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கப்பலேறினால்தான் லீவு. மே மாதம் முதல் வாரமாகவும் இருக்கலாம், இரண்டாம் வாரமாகவும் இருக்கலாம். இதற்கிடையில் மைத்துனர் குடும்பம், உதகை வேண்டாம், கொடைக்கானலுக்குப் போவோம் என்கிறது. அவர் என்ன செய்தார்? செல்போனிலேயே உதகையில் முதல் வாரத்துக்கு ஓர் அறை, இரண்டாம் வாரத்துக்கு ஓர் அறை, கொடைக்கானலில் அதே முதல் வாரத்துக்கு ஓர் அறை என மூன்றையும் பதிவு செய்துவிட்டார். குறிப்பிட்ட தேதி வரை ரத்து செய்தால் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. போகும் இடம் முடிவானதும் மற்ற இரண்டையும் ரத்து செய்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

"ஹஜ்ரத், எல்லாரும் செய்யுறதுதானுங்க. இதுல ஏதாவது குத்தம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதே ஒரு நல்ல அடையாளம். எல்லோரும் செய்கிறார்கள் என்பதோடு நின்றுவிடாமல், அல்லாஹ்விடம் இது எப்படி என்று கேட்கத் தோன்றுகிறதே, அந்த உள்ளத்தில் ஈமானின் ஈரம் இருக்கிறது. உடனே ஹராம் என்று சொல்லி அவரை விரட்டவும் நமக்கு மனமில்லை. பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்பவும் மனமில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு கிதாபுகளைப் புரட்டினோம்.

முதலில் ஷரீஅத்தின் கருணையைப் பாருங்கள். மனிதனுடைய திட்டம் மாறக்கூடியது என்பதை நம் ஃபுகஹாக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மதரஸாக்களில் ஓதப்படும் 'குதூரி' என்னும் ஹனஃபி சட்ட நூலை எழுதிய இமாம் ஹிஜ்ரி 428இல் மறைந்தவர்கள். அந்நூலில் ஒரு மஸ்அலா வருகிறது. ஒருவர் பயணம் போவதற்காக ஒரு வாகனப் பிராணியை வாடகைக்குப் பேசுகிறார். பிறகு பயணமே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. இது ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஏற்ற காரணம் என்கிறார்கள் ஹனஃபி இமாம்கள். ஆனால் பிராணியின் சொந்தக்காரர் தமக்குப் பயணம் வேண்டாம் என்று தோன்றியதாகச் சொன்னால், அது காரணமாகாது. ஏனெனில் அவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பி வைக்க முடியும். ஷாஃபிஈ மத்ஹபில் இந்தச் சலுகை இல்லை; பேசிய வாடகை பேசியதுதான்.

வியாபாரத்திலும் அப்படியே. கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்துபோன ஹிப்பான் பின் முன்கித் (ரலி) என்ற நபித்தோழருக்கு, வாங்கிய பொருளை வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா என்று யோசிக்க மூன்று நாள் உரிமையை நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். இதுவே 'கியாருஷ் ஷர்த்து' எனப்படும் நிபந்தனை உரிமைக்கு அடிப்படை. இந்த உரிமை மூன்று நாட்களுக்கு மேல் கூடாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கெடு இன்னதென்று தெளிவாக இருந்தால் அதற்கு மேலும் கூடும் என்றார்கள் அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்). இன்ன தேதி வரை ரத்து செய்துகொள்ளலாம் என்று இன்றைய விடுதிக்காரர் தாமே தருகின்ற சலுகை, இந்தப் பிற்கருத்துக்கு நெருக்கமானது.

ஆகவே திட்டம் உறுதியில்லாமல் இருப்பது பாவமில்லை. பேசியதை ஏற்ற காரணத்தால் ரத்து செய்வதும் பாவமில்லை. இதுவரை அந்தச் சகோதரருக்குச் சாதகமே.

ஆனால் குதூரியின் மஸ்அலாவைத் திரும்பவும் படித்துப் பாருங்கள். அந்தப் பயணி பேசியது ஒரே ஒரு பிராணியை. பேசும்போது அதில் ஏறிப் போக வேண்டும் என்ற நிய்யத் அவருக்கு உண்மையாகவே இருந்தது. பின்னர்தான் மனம் மாறியது. நம் சகோதரரோ பேசும்போதே மூன்றில் இரண்டில் ஏறப்போவதில்லை என்று அறிந்திருக்கிறார். எந்த இரண்டு என்பதுதான் தெரியாது. மாறிய மனம் வேறு. மாறுவதற்கென்றே பேசிய பேச்சு வேறு. வாக்களிக்கும்போதே நிறைவேற்றுவதில்லை என்ற எண்ணம் இருந்தால் அதுவே நயவஞ்சகத்தின் சாயல் என்றும், நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்துப் பிறகு தடை ஏற்பட்டால் அது அந்த வகையில் சேராது என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இங்கே சிலர் மூன்று நியாயங்களைச் சொல்வார்கள். விடுதிக்காரரே சம்மதித்துத்தான் இந்தச் சலுகையைத் தருகிறார் என்பது ஒன்று. ரத்து செய்யும் நாளுக்குள் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டமில்லை என்பது இரண்டு. அவர்களும் இருக்கிற அறைகளுக்கு மேல் பதிவு செய்து நம்மை ஏமாற்றுவதில்லையா என்பது மூன்று.

முதல் நியாயம் கனமானது. அதனால்தான் இதை ஹராம் என்று நாம் துணிந்து சொல்லவில்லை. பதிவு செய்கிறவர்களில் ஒரு பகுதியினர் வரமாட்டார்கள் என்பதை அறிந்தே அவர் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாசல் எதற்காகத் திறக்கப்பட்டது? நம் திட்டத்தில் எதிர்பாராத தடை வந்தால் வெளியேறுவதற்காக. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வெளியேறும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள் என்றால் எந்த விடுதிக்காரர் அதைத் திறந்து வைப்பார்? விருந்தினருக்காக வைத்த தண்ணீர்ப் பானையில் தாகத்துக்குக் குடிக்கலாம். குடம் கொண்டுவந்து நிரப்பிப் போகலாமா?

மூன்றாவது நியாயத்துக்குப் பதில் எளிது. வராதவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத்தான் அவர்கள் அதிகப் பதிவு செய்கிறார்கள். கணக்குத் தவறி எல்லோரும் வந்துவிடும் இரவில், குழந்தை குட்டிகளோடு கடைசியாக வந்து சேரும் ஒரு குடும்பம் வெளியே நிற்கிறது. நாம் எறிந்த கல் சுற்றி வந்து நம்மைப் போன்ற ஒருவர் தலையில்தான் விழுகிறது. ஒருவர் செய்யும் தவறு, இன்னொருவர் செய்யும் தவறுக்கு ஃபத்வா ஆகாது.

இரண்டாவது நியாயத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நாமும் விடுதிக்காரரும் மட்டுமே இந்த விஷயத்தில் இருப்பதாக எண்ணுகிறோம். மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறார். அந்த அறை கிடைக்காமல் திரும்பிப் போகிறவர் அவர். அவரை நாம் பார்ப்பதில்லை. அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இந்த மூன்றாம் மனிதரின் உரிமையை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிலால் பின் அல்ஹாரிஸ் (ரலி) என்ற தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் அகீக் என்னும் பள்ளத்தாக்கு நிலத்தை வழங்கியிருந்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்திலும் அதில் பெரும்பகுதி பயிரிடப்படாமலேயே கிடந்தது. மக்கள் யாரும் நெருங்கக் கூடாது என்று வேலியடைப்பதற்காக நபியவர்கள் அதைத் தரவில்லை. உம்மால் உழைக்க முடிந்த அளவை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடும் என்ற கருத்தில் உமர் (ரலி) உத்தரவிட்டார்கள். நபியே கொடுத்த நிலம்! பட்டாவில் குறையில்லை. ஆனாலும் பயன்படுத்தாமல் அடைத்து வைப்பதை அவர்கள் ஏற்கவில்லை. தரிசு நிலத்தைச் சுற்றிக் கல் நட்டு எல்லை குறித்து வைத்துக்கொண்டு பயிரிடாமல் விடுகிறவருக்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு அதில் உரிமையில்லை என்பதும் அவர்களுடைய தீர்ப்பே. நிலத்தை அடைக்கும் இச்செயலை ஃபுகஹாக்கள் 'தஹ்ஜீர்' என்பார்கள்.

செல்போனில் நாம் செய்யும் பதிவும் ஒரு கல் நடுவதுதான். நிலமாவது மூன்று வருடங்கள் காத்திருக்கும். அறையின் ஓர் இரவு காத்திருக்குமா? இன்றைக்கு விற்காத துணியை நாளைக்கு விற்கலாம். இன்றைய இரவுக்குக் கொடுக்காத அறையை, பஜ்ருக்குப் பாங்கு சொன்ன பிறகு யாருக்குக் கொடுப்பது?

மலையில் இடம் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். கூட்டம் தாங்காமல், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இப்படி எண்ணி அளந்து கொடுக்கும் இடத்தில், போகாத ஒருவர் எடுத்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் போக விரும்பும் ஒருவரிடமிருந்து எடுத்ததே. ரயிலிலும் இந்தக் கதை உண்டு. 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே 60 நாட்களாகக் குறைத்தது. 61 முதல் 120 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டவற்றில் சுமார் 21 சதவீதம் ரத்தாகிவிடுகிறது என்பது ரயில்வே அமைச்சகம் கூறிய காரணங்களில் ஒன்று. காத்திருப்போர் பட்டியலில் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள்.

பிறருக்கு உபதேசம் செய்யும் முன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலூர் நாம் ஓதிய ஊர். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்காக வந்து அங்குள்ள லாட்ஜுகளில் குடும்பம் குடும்பமாகத் தங்குவோரை அவ்வூரை அறிந்தவர்கள் அறிவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம்மோடு ஓதிய ஒருவரின் நிகாஹுக்காகக் குடும்பத்தோடு புறப்பட்டோம். மாமனார் வீட்டார் வருவார்களா மாட்டார்களா என்பது உறுதியாகவில்லை. ஒரு லாட்ஜில் சிறிய அறையும் இன்னொரு லாட்ஜில் பெரிய அறையுமாகச் சொல்லி வைத்தோம். பஸ் சேலத்தை நெருங்கும்போது அவர்கள் வரவில்லை என்று போன் வந்தது. பெரிய அறை வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். போய்ச் சேர்ந்து சொல்லிக்கொள்வோம் என்று இருந்துவிட்டோம்.

வேலூரில் சிறிய அறையில் சாமான்களை வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் சாப்பாடு வாங்கப் போகும் வழியில் அந்த இரண்டாவது லாட்ஜைக் கடந்தோம். வாசற்படியில் சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஒரு வயதான அம்மா சுவரில் சாய்ந்திருந்தார். கையில் மருத்துவமனைக் காகிதங்களோடு அவர் மகன் மேனேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அறை இல்லை என்று மேனேஜர் கையை விரித்தார். அவருக்குப் பின்னால் பலகையில் ஒரே ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அது நாம் சொல்லி வைத்த அறையின் சாவி.

உள்ளே போய் நம் பெயரைச் சொல்லி, அறை வேண்டாம், இவர்களுக்குக் கொடுங்கள் என்றோம். அவர் கொடுத்தார். அந்த மகன் நம் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றிதான் நமக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சேலத்தில் ஒரு போன் செய்திருந்தால், அந்த நோயாளித் தாய் அந்நேரம் வரை தெருவில் அலைந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதை ஐந்து மணி நேரம் நாம் பூட்டி வைத்திருந்துவிட்டு, உபகாரம் செய்தவர் போல நன்றியும் வாங்கிக்கொண்டோம். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

அன்றைக்கு நம் குற்றம் எங்கே இருந்தது? இரண்டு அறை சொன்ன நேரத்தில் உண்மையிலேயே நமக்கு ஒன்றும் தெரியாது. குற்றம் சேலத்துக்கும் வேலூருக்கும் இடையில் இருந்தது. முடிவு தெரிந்த நேரத்துக்கும் அதைச் சொன்ன நேரத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில் இருந்தது.

இது விளங்கக் கடினமாக இருந்தால், நம் ஊர்க்காரர்கள் தங்கள் தொழிலையே நினைத்துப் பார்க்கட்டும். நொய்யல் கரையிலுள்ள நம் பகுதியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! இந்த வாரம் பாவு அனுப்புகிறேன், தறியைக் காலியாக வை என்று ஒருவர் சொல்கிறார். தறிக்காரர் வேறொருவர் தந்த பாவை வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். அவரோ இதே வார்த்தையை இன்னும் இரண்டு பேரிடம் சொல்லி வைத்து, குறைந்த கூலிக்குச் சம்மதித்தவரிடம் கொடுத்துவிடுகிறார். மற்றவர்களிடம் சொல்வதுமில்லை. ஒரு வாரம் தறி நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அப்போது நாம் அந்த மனிதரை என்ன சொல்லி ஏசுகிறோமோ, மலையில் அறை வைத்திருப்பவர் நம்மையும் அப்படியே சொல்ல மாட்டாரா? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் முழுமையாகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது பள்ளிவாசலுக்குள் மட்டும் நடக்க வேண்டியதன்று.

ஆக, இந்த மஸ்அலாவின் உயிர் இதில்தான் இருக்கிறது: நம் திட்டத்தில் உறுதியில்லை என்றால், அந்த உறுதியின்மையின் சுமையை யார் சுமப்பது? அது அல்லாஹ் நமக்கு வைத்த சோதனை. அதில் ஒரு பங்கை விடுதிக்காரர் மனமுவந்து ஏற்றுக்கொண்டால் அது அவர் பெருந்தன்மை. நாமாக அதைக் கட்டி, முகம் தெரியாத மூன்றாம் மனிதரின் தலையில் வைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

மறுநாள் அந்தச் சகோதரரிடம் பின்வருமாறு சொன்னோம்.

ஒன்று: கூடுமானவரை ஓர் அறையையே சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால், மாறக்கூடும் என்பதை விடுதிக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி உள்ளதை விளக்கிக்கொண்டால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் கூறுகிறது. சொல்லிவிட்டு இரண்டு தேதிகளை வைத்திருந்தால் அதில் மறைவு இல்லை. அவர் சம்மதமும் உண்டு.

இரண்டு: ஒரே நாளுக்கு இரண்டு ஊர்களில் அறை வைக்காதீர்கள். ஒரே இரவில் இரண்டு ஊர்களில் உறங்க எவராலும் முடியாது. உதகையா கொடைக்கானலா என்று மைத்துனரோடு இன்றிரவே பேசி முடியுங்கள். லீவு நம் கையில் இல்லை. ஊர் நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதைத் தள்ளிப்போடுவதற்கு நிச்சயமின்மை என்று பெயரில்லை, சோம்பல் என்று பெயர்.

மூன்று: முடிவு தெரிந்த அந்த நிமிடமே வேண்டாததை விட்டுவிடுங்கள். ரத்து செய்யும் கெடு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். கெடு என்பது விடுதிக்காரர் உங்களிடம் பணம் கேட்காத எல்லை. அல்லாஹ் உங்களிடம் கேள்வி கேட்காத எல்லை அதுவன்று.

நான்கு: முன்பணம் கொடுத்து, பிறகு போகவில்லையென்றால் அதைக் கேட்டுச் சண்டையிடாதீர்கள். வராவிட்டால் முன்பணம் திரும்பாது என்ற இந்த ஏற்பாட்டை 'உர்பூன்' என்பார்கள். இதைப் பெரும்பாலான இமாம்கள் கூடாது என்றார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். உமர் (ரலி) அவர்களுக்காக மக்காவில் சிறைச்சாலைக்கு ஒரு வீட்டை ஸஃப்வான் பின் உமையாவிடம் பேசியபோது, கலீஃபா சம்மதிக்காவிட்டால் ஸஃப்வானுக்கு நானூறு என்று நிபந்தனை செய்யப்பட்டது அவர்களுக்கு ஆதாரம். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் இது கூடும் என்று முடிவு செய்தது. மறுபக்கத்தில், விடுதி நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பேசிய வியாபாரத்திலிருந்து வருந்துகிறவரை விடுவித்தால், மறுமையில் அவருடைய சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அறை வேறொருவருக்குப் போய்விட்டதென்றால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அந்த நன்மையைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

சகோதரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மத்ததை விட்டுட்டு ஒண்ணை மட்டும் வெச்சு, அந்த வாரம் லீவு கிடைக்கலீன்னா புள்ளைங்களுக்கு என்னங்க ஹஜ்ரத் பதில் சொல்றது?" என்றார். கிதாபில் இல்லாத கேள்வி அது. உள்ளத்திலிருந்து வந்த கேள்வி. இரண்டு வருடங்களாகக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகம் அவர் கண்ணெதிரே இருந்தது. அதை நாம் அற்பமாக நினைக்கவில்லை.

"அத்தா இன்ஷா அல்லாஹ் என்று சொன்னதன் பொருள் இதுதான் என்று சொல்லுங்கள்" என்றோம். நமக்கு வேண்டியது கிடைக்காமல் போகலாம் என்பதை மனமார ஏற்றுக்கொண்டு சொல்வதே இன்ஷா அல்லாஹ். மூன்று அறைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு சொல்லும் இன்ஷா அல்லாஹ்வில், அல்லாஹ்வின் நாட்டத்துக்கு நாம் விட்டது என்ன?

அவர் செல்போனை எடுத்தார். மைத்துனரை அழைத்துப் பேசினார். சற்று நேரம் வாக்குவாதமும் நடந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் முன் கொடைக்கானல் அறை போய்விட்டது. உதகை விடுதிக்காரருக்குப் போன் செய்து லீவு விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் வாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாரத்தில் கேட்டுப் பலர் வருகிறார்கள் என்றாராம் அவர். முதல் வாரத்தையும் விட்டுவிட்டார்.

விட்ட அந்த அறைகளில் யார் போய்த் தங்கினார்கள் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமுமில்லை. முகம் தெரியாதவரின் உரிமையைப் பேணுகிற பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! நம் நாவிலுள்ள இன்ஷா அல்லாஹ்வை நம் உள்ளத்திலும் உண்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.